சைடு ஸ்டாண்ட்

ரங்கிட்டாட்டா ஆற்றில் ஆழம் என்று
நம்பும்படி ஒன்றும் கிடையாது.
நேற்று இடுப்பு, இன்று கணுக்கால்.
பிரிபிரியாய்ப் பின்னிக்கொண்டே வந்து
பாதியில் மனம் மாறி அவிழ்த்துப் போட்டுவிடும்.
விசிறி வைத்த படகுகள்
கூழாங்கல்லிடம் பல்லைக் கொடுத்துவிட்டுத் திரும்பும்.
அதனால்தான் நைரீ சொன்னாள்,
வயிற்றால் குடித்து வாலால் துப்புகிற படகு வேண்டும்.

பால்பவுடர் ஆலையில் அவளுக்கு இரவு ஷிஃப்ட்.
எனக்குப் பகலெல்லாம் பள்ளிப் பேருந்துகளின் பிரேக்.
இடையில் மிஞ்சிய மாலைகளில்
நான்கு மில்லிமீட்டர் அலுமினியத் தகட்டை
வளைத்தோம், ஒட்டினோம், வெட்டினோம், திரும்ப ஒட்டினோம்.
யாரோ பாறையில் உடைத்த ஜெட் ஸ்கீயிலிருந்து
பம்ப் வந்தது, உள்ளே கொஞ்சம் ஏரி மணலோடு.

என்ஜின் ஏலத்தில்.
லிண்டிஸ் கணவாயின் கறுப்புப் பனியில் சறுக்கிய பைக்.
முன்சக்கரம் தானே எட்டுப் போட்டிருந்தது.
நடுவே ஆயிரம் சி.சி., ஒரு கீறல் இல்லை.
செயினுக்குப் பதில் ஒரு தண்டு.
ஆறு கியரில் மூன்றாவது மட்டும் போதும்.
ரேடியேட்டர் எதற்கு, ஆறே இருக்கிறதே.

நியூட்ரலில் பாடிற்று.
கியரில் போட்டதும் செத்தது.
பாடும். சாகும்.
பெட்ரோல் பம்பைப் பார்த்தோம், கிளட்சைப் பிரித்தோம்,
எர்த் கம்பியைச் சுரண்டினோம்,
நைரீ அதைக் கெட்ட வார்த்தையில் திட்டினாள்,
பிறகு மன்னிப்புக் கேட்டாள்.
பதினோரு மாலைகள்.

சீட்டுக்கு அடியில் மடித்த சர்வீஸ் பில்,
அதில் ஒரு பெயர், ஒரு போன் எண்.
லீத் பக்ரிட்ஜ், டிமாரு.
எல்லாம் கேட்டுவிட்டு
வெகுநேரம் பேசாமல் இருந்தார்.
பிறகு சிரித்தார்.
"ஸ்டாண்டை மடக்கினீர்களா?"

ஸ்டாண்டே இல்லை.
சட்டத்தோடு அறுத்துப் பழைய இரும்புக்குப் போட்டாயிற்று.
கம்பி மட்டும் வெள்ளை பிளக்கோடு வாயைத் திறந்தபடி
ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது,
காலை எடுத்தாயா, காலை எடுத்தாயா.
பதில் இல்லை.
யாரையும் விழவிடக் கூடாதென்று
தன்னையே அணைத்துக்கொண்டிருந்திருக்கிறது.

இரண்டு அங்குல ஒயர்.
பல்லால் தோலுரித்து முனைகளை முறுக்கினேன்.
எடுத்தாயிற்று என்று பொய் சொன்னோம்.
நம்பிவிட்டது.

ஆருண்டெல் பாலத்துக்குக் கீழே ஞாயிறு காலை
கைத்தடியோடு லீத் வந்திருந்தார்.
நாங்கள் கூப்பிடவில்லை.
வரவேண்டாம் என்றும் சொல்லவில்லை.

பள்ளிப் பேருந்து ஓட்டத் தெரிந்தவன் நான்.
பயந்தால் காலை எடு, அவ்வளவுதான் என் கல்வி.
மூன்றாவது வளைவில் வில்லோ வேர் எதிரே வந்தது.
திராட்டிலை விட்டேன்.
விட்ட கணத்தில் கைப்பிடி வெறும் குழாய்.
எந்தப் பக்கம் திருப்பினாலும்
படகு ஆற்றின் பேச்சை மட்டும் கேட்டது.
வேருக்கு ஒரு முழம் தள்ளி
கல்மேட்டில் போய் உட்கார்ந்தோம்.
"கொடுத்திருக்கணும்டா, கொடுத்தால்தான் திரும்பும்!"
நைரீயின் குரல் அக்கரையில் மோதித் திரும்பியது.

குளிர்விக்கத் தண்ணீர் இல்லை. என்ஜினை நிறுத்தினேன்.
கம்பிவலையில் சிக்கிய கற்களை
விரல் விறைக்க விறைக்கப் பிடுங்கினோம்.
கணுக்கால் ஆழத்தில், தடியூன்றி,
ஒவ்வொரு கல்லையும் விசாரித்தபடி
லீத் வந்து சேர்ந்தார்.

தள்ளினோம். ஸ்டார்ட் செய்தேன்.
அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார்.
"மூன்றாவதில் எப்போதும் கொஞ்சம் முனகும்.
கெட்டுப்போகவில்லை. அது அப்படித்தான்."
மீட்டரில் லிண்டிஸில் நின்ற எண் அப்படியே,
முப்பத்தோராயிரத்து நானூற்று எட்டு.
அதை மட்டும் அவர் பார்க்கவில்லை.

இரண்டு பேருக்குத்தான் மிதக்கும்.
நைரீ ஒன்றும் சொல்லாமல் இறங்கிக்கொண்டாள்.
லீத் விளிம்பில் உட்கார்ந்து
தடியை அவளிடம் கொடுத்தார்.
பிறகு இரு கையாலும் தன் வலது காலைத் தூக்கி
மடக்கி
உள்ளே வைத்தார்.

"ம்," என்றார். "கொடு."